நீரைத் தொடாத மரியாதை

மங்கோலியாவின் ஹுவ்ஸ்குல் ஏரியின் தென்கோடியில், ஹத்கல் என்னும் சிற்றூருக்குச் சற்று அப்பால், மேய்ச்சற் குடும்பம் ஒன்றின் கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே ஒரு கம்பத்தை நட்டு அதில் ஒரு சிறு தகரப் பாத்திரத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை உள்ளங்கையால் மேலே தள்ளினால் ஒரு சிறங்கை நீர் வழியும்; கையை எடுத்ததும் நின்றுவிடும். முகம் கழுவுவதும் பல் துலக்குவதும் அந்தச் சிறங்கை நீரில்தான். கண்ணுக்கெட்டிய தூரம் நீலமாக விரிந்து கிடக்கும் மகா ஜலாசயம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, இம்மனிதர்கள் பாலைவனத்து வாசிகளைப்போல் நீரை அளந்து செலவிடுவானேன்?

விடியற்காலையில் அவ்வீட்டு அம்மாள் பால் கேனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவதைக் கவனித்தேன். குனிந்து அகப்பையால் மொண்டு கேனை நிரப்பினாள். விரல் நீரில் படாதபடி மொண்ட அந்தப் பக்குவம் பரம்பரையாக வந்த பழக்கம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் கரைக்கு வெகு தொலைவில். அழுக்கு நீரைப் புல்வெளியில்தான் கொட்டினார்கள். தேநீர் காய்ந்ததும், எவரும் அருந்துவதற்கு முன், ஒன்பது குழிகள் குடைந்த ஒரு மரக்கரண்டியால் பாலை வானத்துக்கும் திசைகளுக்கும் தெளித்தாள். கடலே இல்லாத அந்நாட்டார் இவ்வேரியைக் கடல் அன்னை என்ற பொருளில் 'தலாய் ஏஜ்' என்று அழைக்கிறார்கள். தாயின்மேல் அழுக்கை யார் கொட்டுவார்கள்?

அப்படிப் போற்றத் தக்க ஏரிதான் அது. கடல் மட்டத்துக்கு மேல் 1,645 மீட்டர் உயரத்தில், வடக்குத் தெற்காக 136 கிலோமீட்டர் நீண்டு, 262 மீட்டர் ஆழம் வரை இறங்கி, மங்கோலிய நாட்டு நன்னீரில் ஏறக்குறைய 70 விழுக்காட்டைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. பூமியின் மேலோடு பிளந்து விலகிய இடத்தில் உண்டான பைகால் ஏரிக்கு இளைய சகோதரி. வயதோ இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல். மலைகளிலிருந்தும் தைகாக் காடுகளிலிருந்தும் அநேகம் ஓடைகள் வந்து விழுகின்றன. வெளியேறும் வழியோ ஹத்கலுக்கு அருகே புறப்படும் எக் ஆறு ஒன்றே. அது செலெங்கே ஆற்றில் கலந்து, கடைசியில் தமக்கையாகிய பைகாலையே சென்று சேர்கிறது. இந்தச் சிறு வாயில் வழியே ஏரி முழுவதும் வடிந்து புதுநீராவதற்குப் பல நூறு ஆண்டுகள் செல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று அதில் விழுவது நாளை போய்விடுவதில்லை.

அம்மாளின் அகப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே என் மனம், பாரசீக சரித்திராசிரியர் ஜுவைனி பதிமூன்றாம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஒரு கதைக்கு ஓடிவிட்டது. மங்கோலியரின் யாஸா என்னும் சட்டத்தின்படி, இளவேனிலிலும் கோடையிலும் பகல் வேளையில் எவரும் நீரில் இறங்கலாகாது. ஓடும் நீரில் கை கழுவலாகாது. துவைத்த துணியை வெட்டவெளியில் விரிக்கலாகாது. மீறினால் இடியும் மின்னலும் பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1253இல் புறப்பட்டு அந்நாட்டுக்குச் சென்ற ரூப்ருக் வில்லியம் என்ற கிறிஸ்தவத் துறவியும் துணி உலர்த்தினால் இடி இடிக்கும் என்ற இந்த அச்சத்தைக் குறித்திருக்கிறார். மறைவிடமற்ற புல்வெளியில் மந்தையோடு வாழ்பவனுக்கு இடி எத்தகைய சத்துரு என்பதை ஒரு மழைக்காலப் பிற்பகலை அங்கே கழித்தவர் எவரும் எளிதில் ஊகிக்கலாம்.

கதை இது. செங்கிஸ்கானின் புதல்வர்களான சகதாயும் ஒகொதாயும் வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். இளையவனான ஒகொதாய்தான் அப்போது பேரரசன். மூத்தவனான சகதாயோ யாஸாவின் காவலன், அதில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பொறுக்காதவன். நடுப்பகலில், ஓர் ஆற்றின் நடுவே ஒரு முஸ்லிம் அமர்ந்து நீராடிக்கொண்டிருந்தான். சகதாய்க்கு அடங்காத கோபம். அக்கணமே அவனைக் கொன்றுவிட வேண்டும் என்றான். ஒகொதாய், இன்று பொழுதாகிவிட்டது, களைத்தும் இருக்கிறோம், நாளை விசாரிப்போம் என்று தணித்து, அம்மனிதனைத் தன் அதிகாரி ஒருவரிடம் ஒப்புவித்தான். ஒப்புவித்தவன் இரகசியமாக ஓர் ஆணையும் இட்டான்: அவன் குளித்த இடத்தில் ஒரு வெள்ளிக் கட்டியைப் போட்டுவிட வேண்டும், தான் பரம ஏழை என்றும், தன் முதல் முழுவதும் அந்த ஒரு கட்டியே என்றும், அதன் பொருட்டே துணிந்து நீரில் இறங்கியதாகவும் அவன் விசாரணையில் சொல்ல வேண்டும். மறுநாள் அப்படியே நடந்தது. ஆட்கள் போய்த் தேடினார்கள். நீருக்கடியில் வெள்ளி இருந்தது! நமது சட்டத்தை மீற யாருக்குத் துணிவு வரும், பாவம், வறுமையால் அல்லவா உயிரையே பணயம் வைத்திருக்கிறான் என்று சொல்லி, ஒகொதாய் அவனுக்கு மேலும் பத்துக் கட்டிகள் கொடுக்கச் செய்தான். இனி இவ்வாறு செய்வதில்லை என்று எழுதியும் வாங்கிக்கொண்டான்.

இக்கதையைப் படிக்குந்தோறும் நான் நின்று இரசிப்பது, எழுதி வாங்கிக்கொண்ட அந்தக் கடைசி விவரத்தைத்தான். கருணைக்காகச் சட்டத்தை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பொய்யின் துணையால் சட்டத்தையும் காப்பாற்றினான், உயிரையும் காப்பாற்றினான். அந்த ஆற்றில் எதிர்ப்பட்டவை இரண்டு பக்திகள் அல்லவா? அம்மனிதன் தொழுகைக்குமுன் தன்னைச் சுத்தி செய்துகொள்ள இறங்கியிருக்கலாம். நீர் மனிதனைத் தூய்மைப்படுத்துவது என்பது அவன் மார்க்கம். நீராடுவதையே புண்ணியமாகக் கொண்ட நாமும் அவன் கட்சிதான். மங்கோலியனுக்கோ நீர் தானே தூய்மையாக இருப்பது. மனிதன் அதற்குச் செய்யக்கூடிய பெரிய உபசாரம் எட்டி நிற்பது. இரு தரப்பாரும் நீரை வணங்குகிறவர்களே என்பதை ஒகொதாய் உணர்ந்திருந்தான் என்று நம்ப எனக்கு ஆசை.

இடியின் அச்சம் இன்று குறைந்துவிட்டது. ஆண்டில் பாதியோ அதற்கு மேலோ உறைந்து கிடக்கும் ஹுவ்ஸ்குல் ஏரியின் பனிக்கட்டிமேல் எண்ணெய் லாரிகளை ஓட்டிச் சென்ற காலம் ஒன்று உண்டு. பனி உடைந்து வண்டிகள் பல எண்ணெயுடன் மூழ்கிய பிறகே அவ்வழக்கத்தைத் தடை செய்தார்கள். 1992இல் ஏரியும் சுற்றுப்புறமும் தேசியப் பூங்காவாயின. ஆனால் 2014இல் வெளியான ஓர் ஆராய்ச்சி என்னை மிகவும் கலங்க வைத்தது. இத்தனை தூரத்து மலைநாட்டில், மனிதர் மிகச் சிலரே வாழும் கரைகளுக்கு நடுவே, ஏரியின் மேற்பரப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரி இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணிய பிளாஸ்டிக் துணுக்குகள் மிதப்பதைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் மிகுதியானவை ஏதோ தொழிற்சாலையிலிருந்து வந்த சரக்கல்ல. கரையோரத்தில் எறியப்பட்ட சீசாவும் பையும் உடைந்து பொடிந்தவை. வெள்ளிக் கட்டியை மறுநாள் ஆள் அனுப்பி எடுத்துவிட முடிந்தது. இந்தத் துணுக்குகளை எவரை அனுப்பி எடுப்பது?

வாலிப வயதில் இக்கதையை முதன்முதல் படித்தது தொட்டு நான் ஒகொதாயின் பக்கத்தையே சேர்ந்தவன். நீராட இறங்கும் ஏழைக்காக இன்றும் அவன் பக்கமே நிற்பேன். ஆயினும் அந்தக் கரையில், புற்களிடையே சிக்கிக் கிடந்த ஒரு காலிச் சீசாவைப் பார்த்தபோது, சகதாயின் சினத்துக்கும் ஒரு நியாயம் உண்டென்று முதன்முறையாக எனக்குப் பட்டது. வண்டியின் சன்னல் வழியே அதை எறிந்துவிட்டுப் போனவன் எவனோ, அவனுக்காக இரவோடிரவாக வெள்ளிக் கட்டி போட்டு வைக்க எனக்கு மனம் வராது.