தற்காலிக முகவரி

எங்கட நாட்டில எந்தப் படிவத்தை எடுத்தாலும் ரெண்டு கட்டம் இருக்கும். ஒண்டு நிரந்தர முகவரி, மற்றது தற்காலிக முகவரி. என்ர அம்மம்மா 27 வருசமா அந்த ரெண்டையும் வேற வேறயா நிரப்பினவ. முதல் கட்டத்தில எப்பவும் மயிலிட்டி. ரெண்டாவதில மல்லாகம் முகாம், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு சாவகச்சேரி, திரும்பவும் மல்லாகம், கடைசியாச் சுன்னாகத்தில ஒரு வாடகை வீடு. 1990 ஜூனில ஊரை விட்டு வெளிக்கிட்டவ. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றின காணிகளும் விடுபட்டது 2017 ஜூலை 3ஆம் திகதி.

"இவ்வளவு காலம் இருந்தா இதுதானே அம்மம்மா நிரந்தரம்?" எண்டு சின்னனில ஒருக்கா கேட்டனான்.

"ரெண்டிலயும் ஆக்கள் தேடி வருவினம் பிள்ளை. ரெண்டையும் எழுதத்தான் வேணும்" எண்டா.

இந்தக் கட்டுரை நான் எழுதின ஒரு சின்னச் சேர்வர் புரோகிராமைப் பற்றினது. ஆனா அம்மம்மாவை விட்டுட்டு அதைச் சொல்ல ஏலாது.

போன வருசம் அம்மம்மா செத்துப்போனா. அதுக்கு முன்னம் ரெண்டு வருசமா, பின்னேரங்களில அவ கதைக்கிறதை நான் போனில பதிஞ்சு வைச்சனான். மயிலிட்டிக் கதை, முகாம் கதை, ஆர் ஆர் திரும்பி வரேல்லை எண்ட கதை. ரொறன்ரோவில இருக்கிற பெரியம்மா அதைக் கேக்க ஆசைப்பட்டா. ஆனா அந்தக் குரலை ஏதோ ஒரு கம்பெனியின்ர கணினியில கொண்டுபோய் வைக்க அம்மாவுக்கு விருப்பமில்லை. "அதில பேரெல்லாம் சொல்லியிருக்கிறா. எங்கட வீட்டிலயே இருக்கட்டும்" எண்டிட்டா. சரி, வீட்டிலயே வைச்சு, கேக்க வேண்டியவை வந்து கேக்கிற மாதிரிச் செய்வம் எண்டு நினைச்சன். ஆட்டைத் திவசத்துக்கு ஒரு மாசம் இருந்தது.

பைதனில நேரடியாச் சொக்கெற்றை வைச்சே எழுதினன். கட்டாயம் ஒண்டும் இல்லை, பழகுற ஆசைதான். சொக்கெற் எண்டது புரோகிராம் ஒண்டு வெளியாக்களோட கதைக்கத் திறந்து வைக்கிற வாசல். எந்த முகவரியில, எந்த போர்ட்டில காத்திருக்கிறது எண்டு சொல்லிப்போட்டுக் குந்தியிருக்க வேண்டியதுதான். பழைய பாடங்களில இருக்கிற மாதிரியே ஐபிவி4 வகையில சொக்கெற்றைத் திறந்து, 0.0.0.0 எண்டு குடுத்தன். வீட்டு வைஃபையில அம்மாவின்ர போனில இருந்து அருமையா வேலை செய்தது. ரொறன்ரோவில இருந்து ஒண்டும் இல்லை.

மூண்டு நாள் றவுட்டரோட மல்லுக்கட்டினன். பிறகுதான் றவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைச்ச முகவரியைப் பாத்தன். அது 100.64 க்கும் 100.127 க்கும் இடையில தொடங்கிற ஒண்டு. இந்த முகவரிகளை 2012இல இதுக்கெண்டே ஒதுக்கி வைச்சவை. இணையம் தாற கம்பெனி கன வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால அடைச்சு வைக்கேக்க, உள்ளுக்குள்ள பாவிக்கிறதுக்கு. வெளியில இருந்து வாறவருக்கு அந்தப் பொது முகவரி மட்டும்தான் தெரியும். அதுக்குப் பின்னால எங்கட வீடு எது எண்டு தெரியாது.

ஏன் இப்பிடி? ஐபிவி4 1981இல எழுதப்பட்டது. அதின்ர முகவரி 32 பிற், அதாவது கிட்டத்தட்ட 430 கோடி முகவரிகள்தான். 2011 பெப்ரவரி 3ஆம் திகதி உலகப் பொதுக் களஞ்சியத்தில மிஞ்சின கடைசித் தொகுதிகளையும் பங்கிட்டுக் குடுத்தாச்சு. எங்கட பிராந்தியத்துக்குப் பொறுப்பான ஏப்னிக் அதே வருசம் ஏப்ரல் 15இல தன்ர கடைசித் தொகுதிக்கு வந்து, பிறகு பங்கீட்டு அட்டைக்குக் குடுக்கிற மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுத்தது.

இப்பிடித் தட்டுப்பாடு வரும் எண்டு முதலே தெரியும். 1994 மே மாசம், கன கணினிகள் ஒரே முகவரியைப் பகிர்ற 'நாற்' எண்ட முறையை எழுதி வைச்சினம். குறுகிய காலத் தீர்வு எண்டுதான் அதைக் கொண்டு வந்தவை. 1995 டிசம்பரில ஐபிவி6இன்ர முதல் வரையறை வந்தது. 128 பிற், அதாவது 34க்குப் பின்னால 37 சைபர் போட்ட அளவு முகவரிகள். அந்த மாசம் அம்மம்மா சாவகச்சேரியில ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில இருந்தவ. தற்காலிகமாத்தான். 'நாற்' முப்பது வருசம் தாண்டி இண்டைக்கும் எங்கட வீட்டு றவுட்டரில ஓடுது.

நல்ல காலம், எங்கட இணைப்புக்கு ஐபிவி6உம் தந்திருந்தவை. அதில ஒவ்வொரு கருவிக்கும் வெளியில இருந்து வரக்கூடிய சொந்த முகவரி இருக்கு. பெரியம்மாவின்ர போனுக்கும் அது இருந்தது. என்ர புரோகிராம்தான் அந்தப் பக்கம் காது குடுக்கேல்லை. பழைய முகவரியால வாறவைக்கு மட்டும் வாசலைத் திறந்து வைச்சிருந்தது.

சொக்கெற்றை ஐபிவி6 வகைக்கு மாத்தி, 0.0.0.0 இருந்த இடத்தில :: எண்டு போட்டு, றவுட்டரின்ர ஃபயர்வோலில அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்தன். முதல் ஆள் வந்த உடனயே புரோகிராம் விழுந்திது. பழைய வகையில வாறவரின்ர முகவரியைப் பைதன் ரெண்டு துண்டாத் தரும்: முகவரியும் போர்ட்டும். புதிய வகையில நாலு துண்டு. நான் ரெண்டு பேருக்குத்தான் கதிரை போட்டிருந்தன்.

அதைத் திருத்தி என்ர லினக்ஸ் மடிக்கணினியில ஓட்டினா, ரெண்டு பக்கத்தாலயும் ஆக்கள் வரக்கூடியதா இருந்தது. அதே புரோகிராமை வீட்டில கிடந்த பழைய விண்டோஸ் கணினிக்கு மாத்தினா, புதியவை மட்டும் வருகினம், பழையவைக்குக் கதவு பூட்டு. ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிச்சன். 'வி6ஒன்லி' எண்டு ஒரு ஆளி இருக்கு. அதைப் போட்டு வைச்சா ஐபிவி6 சொக்கெற் ஐபிவி6 மட்டும்தான் கேக்கும். நிப்பாட்டினா பழைய ஆக்களையும் அதே வாசலால விடும். லினக்ஸில அது வழக்கமா நிப்பாட்டி இருக்கும், விண்டோஸில போட்டிருக்கும். ஓப்பன்பிஎஸ்டியில நிப்பாட்டவே ஏலாது, அங்க ரெண்டு சொக்கெற் திறக்க வேணும். ஆகவே எந்த ஊரில என்ன வழக்கம் எண்டு நம்பியிருக்காம, நீங்களே வெளிப்படையாச் சொல்லிவிடுங்கோ. பைதன் 3.8இல இருந்து 'கிரியேற்_சேர்வர்' எண்ட ஃபங்ஷனிட்ட ரெண்டும் வேணும் எண்டு கேட்டா, அது ஆளியையும் பாத்துக்கொள்ளும்.

எல்லாம் சரி எண்டு நினைக்கேக்க குசினிக்குள்ள இருந்து அம்மா கூப்பிட்டா.

"என்ர வீட்டிலயே என்னட்டைப் பாஸ்வேர்ட் கேக்குதடா!"

சொந்தக் காணியைப் பாக்கிறதுக்கே அனுமதி கேட்டு வரிசையில நிண்ட மனுசி. எனக்கு ஒரு மாதிரிப் போச்சு.

வீட்டுக்குள்ள இருந்து வாறவைக்குப் பாஸ்வேர்ட் வேண்டாம் எண்டு நான்தான் ஒரு பட்டியல் எழுதி வைச்சிருந்தன். அதில அம்மாவின்ர போன் 192.168.1.7. ஆனா ரெண்டுக்கும் பொதுவான வாசலால பழைய முகவரிக்காரர் வரேக்க, அவைக்கு ஒரு புதிய சட்டை போட்டுத்தான் உள்ளுக்கு விடும்: ::எஃப்எஃப்எஃப்எஃப்:192.168.1.7. ஆள் அதே ஆள்தான். நான் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டதால என்ர புரோகிராமுக்கு அம்மா அந்நியமாப் போனா.

இது சின்ன விசயம் இல்லை. ஐபிவி6ஐ எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேத்த ஜப்பான் காமே திட்டத்தில முக்கியமான ஆள் இத்தோஜுன். 2007இல இளம் வயசில செத்துப்போன இவர், இந்தச் சட்டை மாத்திற வேலை பாதுகாப்புக்கு ஆபத்து எண்டு விடாமச் சொல்லிக்கொண்டிருந்தவர். எனக்கு நடந்தது உரிமையுள்ள ஆள் வெளியில நிண்டது. அதையே மறுபக்கமா யோசியுங்கோ. தடுக்க வேண்டிய முகவரியைப் பழைய எழுத்தில எழுதி வைச்சிருந்தா, அதே ஆள் புதிய சட்டையில உள்ளுக்கு வந்திடுவார். அதால முகவரியை வெறும் எழுத்தா வைச்சு ஒப்பிடக் கூடாது. ஒரு ஐபிவி6 முகவரியையே சைபரை விட்டும் விடாமலும் பல விதமா எழுதலாம். பைதனில 'ஐபிஅட்ரெஸ்' எண்ட மொடியூல் இருக்கு. சட்டைக்குள்ள பழைய முகவரி இருக்கோ எண்டு அதிட்டக் கேட்டு, எடுத்து, பிறகு ஒப்பிடுங்கோ. நான் அப்பிடித்தான் திருத்தினன். வெளியில இருந்து வாற இணைப்புக்கு டிஎல்எஸ் பூட்டும் போட்டன்.

மற்றப் பக்கம், அதாவது இணைக்கப் போற புரோகிராமை எழுதுறவைக்கும் ஒண்டு. முகவரியை நேர எழுதி வைக்காதேங்கோ, பேரைக் குடுத்துக் கேளுங்கோ. 'கெற்அட்ரின்ஃபோ' எண்டதிட்டப் பேரைச் சொன்னா, அந்தப் பேருக்கு இருக்கிற பழைய, புதிய முகவரிகள் எல்லாத்தையும் வரிசையாத் தரும். ஒண்டு திறக்காட்டி அடுத்ததைத் தட்டிப் பாக்க வேணும். இடம்பெயர்ந்த ஆக்களைத் தேடிப்போன எல்லாருக்கும் இந்த முறை தெரியும். முகாமில கேட்டு, இல்லையெண்டா சுன்னாகத்தில போய்க் கேட்கிறது. ஒரு வாசலில ஆள் இல்லை எண்டோடன ஆளே இல்லை எண்டு திரும்பி வாறேல்லை.

ஆட்டைத் திவசத்துக்கு மயிலிட்டிக்குப் போறதுக்கு முன்னம், விடியக்காலமை 6 மணிக்குக் கணினியைப் பாத்தன். ரொறன்ரோவில முதல்நாள் இரவு எட்டரை. பதிவேட்டில ரெண்டு வரி கிடந்தது. ஒண்டு நீளமான புதிய முகவரி, பெரியம்மா. அதுக்குக் கீழ 192.168.1.7, குசினிக்குள்ள அம்மா. ரெண்டு பேரும் ஒரே பதிவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவை, மயிலிட்டிக் கிணத்துக் கதையை.

அம்மா வெளியில வந்து, "தம்பி, அக்காவுக்கும் கேக்குதோ?" எண்டு கேட்டா.

"ஓம் அம்மா, கேக்குது."