பழைய குழாய்க்குள் ஒரு புதுக் குழாய்

நிலத்தின் கீழுள்ள கழிவுநீர்க் குழாய் வெடித்துவிட்டால், தோண்டியெடுத்துப் புதியதைப் பதிப்பதே வழி என்று நாம் உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். குழாயின் விலையிலும் பார்க்க, உடைபடும் தரையைச் சீராக்கும் செலவே பல வேளைகளில் மிகுந்துவிடுகிறது.

1971ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் ஹக்னிப் பகுதியில் எரிக் வூட் என்பவர் வேறொரு வழியைக் கையாண்டார். பழைய செங்கற் கழிவுநீர்க் கால்வாய் ஒன்றினுள், சுமார் 70 மீற்றர் நீளத்துக்கு, பிசினில் ஊறிய தடித்த துணியுறையைச் செலுத்திச் சுவரோடு ஒட்ட விரியச் செய்தார். பிசின் இறுகியதும், பழையதே அச்சாக அமைய, அதனுள் புதுக் குழாய் ஒன்று உருவாயிற்று. இன்று வீட்டுக் குழாய்களையும் இம்முறையாற் செப்பனிடுகின்றனர். பிசினை விரைந்து இறுகச் செய்ய வெந்நீரும் நீராவியும் பயன்படுகின்றன.

ஆயின், இதற்கு ஒரு நியதி உண்டு. முதலிற் குழாயைக் கழுவி, உட்புகுந்த வேர்களை அறுத்து, சிறு கமெராவைச் செலுத்தி அதன் நிலையை உள்ளபடி அறிதல் வேண்டும். அழுக்கின்மேல் உறை செம்மையாகப் படியாது. முற்றாக இடிந்த குழாய்க்கோ மண்வெட்டியே கதி.

ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இந்நியதி நன்கு விளங்குகிறது. அடிப்படைப் பிழையைக் களையாது மேற்பாடம் புகட்டினால் அது மாணவன் மனத்திற் படிவதில்லை. பிழை எங்கே உள்ளதென்று பாராமலே, “இவன் உதவான்” என்று கூறிவிடுவோரும் உளர். குழாயைத் தோண்டியெடுத்து வேறொன்று பதிக்கலாம். பிள்ளையை அங்ஙனம் மாற்ற இயலுமா?