அஞ்சிய முகம்

திரைப்படம் ஒன்றைப் பற்றி நாம் எழுதப் புகுந்தது கண்டு நம்மை அறிந்தோர் வியப்படையக்கூடும். அரபு இலக்கணமும் தமிழிலக்கியமும் கற்பிப்பதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கும் வெள்ளித்திரைக்கும் உள்ள உறவு மிகக் குறைவு. எனினும், அண்மையில் கேட்டறிந்த ஒரு படத்தின் ஆக்க வரலாறு நம் உறக்கத்தைச் சில இரவுகள் கெடுத்துவிட்டது. அதன் காரணத்தை மறைப்பது நேர்மையன்று எனத் தோன்றியதால் இதனை எழுதுகின்றோம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது சென்னையில் படத்தொகுப்புத் தொழில் செய்கிறார். பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்தவர், அஸர் தொழுகைக்குப் பின் நம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தார். பேச்சு அவர் தொழிலின் பக்கம் திரும்பிற்று. "ஹஜ்ரத், நீங்கள் படம் பார்க்க வேண்டாம், ஒரு படம் எடுக்கப்பட்ட கதையை மட்டும் கேளுங்கள்" என்று தொடங்கினார்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற இயக்குநர் மைக்கேல் பவல். 1940இல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' படத்தை இயக்கியோருள் அவரும் ஒருவர். மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த யானைப்பாகன் மகன் சாபு அதில் நடித்ததை நம் தந்தையார் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். பின்னர் எமெரிக் பிரெஸ்பர்கர் என்பாருடன் இணைந்து 1948இல் பவல் எடுத்த 'தி ரெட் ஷூஸ்' உலகெங்கும் பேசப்பட்டது. இத்தகைய பெருமையின் உச்சியில் இருந்தவர், 1960இல் வெளியிட்ட ஒரே படத்தால் தம் நாட்டில் இருந்த மதிப்பை இழந்தார். அப்படத்தின் பெயர் 'பீப்பிங் டாம்'. பிறர் அந்தரங்கத்தை ஒளிந்து நோக்குபவனுக்கு ஆங்கிலேயர் இட்ட பட்டப்பெயர் அது.

கதையை எழுதியவர் லியோ மார்க்ஸ். இலண்டன் சாரிங் கிராஸ் சாலையில் பழம்புத்தகக் கடை நடத்தியவரின் மகன். இரண்டாம் உலகப்போரில், பகைவர் நாடுகளுக்குள் அனுப்பப்பட்ட இரகசிய ஆள்களுக்குச் சங்கேத மொழி வகுத்துக் கொடுத்தவர். முதலில் இருவரும் மனநூல் அறிஞர் பிராய்டைப் பற்றிப் படமெடுக்க எண்ணினர். அமெரிக்க இயக்குநர் ஜான் ஹூஸ்டன் அதே முயற்சியில் இருப்பதறிந்து அதைக் கைவிட்டனர். ஹூஸ்டனின் படம் 1962இல் வெளிவந்தது. பின்னர் மார்க்ஸ் வேறொரு கதை சொன்னார்: படப்பிடிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன், தான் கொல்லும் பெண்களின் முகங்களைக் கொல்லும் அந்நொடியிலேயே படம் பிடிக்கிறான். படப்பெட்டியைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலில் கூர்மையான கத்தி. பெட்டியோடு ஒரு கண்ணாடி. சாகின்றவள் தன் அச்சத்தைத் தானே காண வேண்டும் என்பது அவன் ஏற்பாடு.

பைன்வுட் படப்பிடிப்பு நிலையத்தில், ஒளிப்பதிவாளர் ஓட்டோ ஹெல்லரைக் கொண்டு, வண்ணத்தில் இதனை எடுத்தார் பவல். நாயகனாக நடித்தவர், இசைமேதை கார்ல் பேமின் மைந்தர் கார்ல்ஹைன்ஸ் பேம். இளம் பேரரசராக நடித்து ஆஸ்திரிய மக்களின் உள்ளம் கவர்ந்த இவரைக் கொலைகாரனாக்கியதில் ஒரு கருத்துண்டு: பார்ப்போர் அவனை வெறுத்து ஒதுக்கிவிடாமல், அவனுக்காக இரங்கவும் வேண்டும் என்பதே அது. அவ்விரக்கத்திற்குக் காரணமும் கதையிலேயே வைக்கப்பட்டுள்ளது. அவன் தந்தை ஓர் அறிவியலாளர். குழந்தைகளின் அச்சத்தை ஆராய்பவர். ஆராய்ச்சிக்குத் தம் மகனையே பயன்படுத்தினார். நள்ளிரவில் முகத்தில் ஒளி பாய்ச்சி எழுப்புவார். படுக்கையில் பெரிய பல்லியைப் போடுவார். அவன் அலறுவதைப் படமெடுப்பார். தாயின் மரணப் படுக்கையருகே நின்ற பிள்ளையையும் படமெடுத்தார். வண்ணப் படத்தினுள் இப்பகுதிகள் மட்டும் கறுப்பு வெள்ளையில், பழைய வீட்டுப் படம்போல் வருகின்றன.

இங்கே மாணவர் சற்று நிறுத்தினார். "அந்தத் தந்தையாக நடித்தவர் பவலேதான், ஹஜ்ரத். சிறுவனாக நடித்தவன் அவருடைய சொந்த மகன் கொலம்பா" என்றார். பின்னர் மடிக்கணினியைத் திறந்து அப்பகுதியை மட்டும் காட்டினார். வெளிச்சத்தில் கூசி அஞ்சும் அந்தச் சிறு முகத்தை நாம் கண்டோம். அது நடிப்பு, உண்மையில் அப்பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததென்று சொல்ல நாம் துணியவில்லை. ஆனால், அதைக் கண்டபோது நம் நெஞ்சில் தோன்றியது வேறொரு முகம். அது நடிப்பன்று.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மாலை மதரஸாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் 'யாசீன்' சூராவை மனனம் செய்துகொண்டிருந்தான். ஓரிடத்தில் நா தடுமாறிற்று. வளைகுடா நாட்டில் உழைக்கும் அவன் வாப்பா, பிள்ளை எப்படி ஓதுகிறான் எனக் கேட்டனுப்பியிருந்தார். நாம் கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, "மீண்டும் ஓது" என்றோம். தடுமாறினான். மீண்டும் ஓதச் சொன்னோம். கண் கலங்கிற்று, உதடு துடித்தது. நாம் நிறுத்தவில்லை. முடிந்ததும் கைப்பேசியை அவன் பக்கம் திருப்பி, "பார், நீ ஓதும் இலட்சணத்தை!" என்று அவன் அழுத முகத்தை அவனுக்கே காட்டினோம். பின்னர் அப்பதிவை வாப்பாவுக்கும் அனுப்பினோம். அது முதல் எவர் கைப்பேசியை உயர்த்தினாலும் அவன் கையால் முகத்தை மூடிக்கொள்வான். நாம் அதனை நாணம் என்றெண்ணி வாளாவிருந்தோம்.

துருவி ஆராய்வதை அரபு மொழியில் 'தஜஸ்ஸுஸ்' என்பர். அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் அதனை விலக்குகிறது. அச்சொல்லின் வேருக்குக் கையால் தொட்டறிதல் என்பது பொருள். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதற்கும் அதே வேர்ச்சொல்லே வழங்குகிறது. நம் குறளிலும் 'ஒற்றாடல்' ஓர் அதிகாரம். 'குறிப்பறிதல்' வேறோர் அதிகாரம். நோயாளியின் நலம் கருதித் தொடும் கை மருத்துவனுடையது. தன் தேவைக்காகத் தொடும் கை ஒற்றனுடையது. அப்படத்தின் தந்தை தம்மை மருத்துவன் என்று நம்பிய ஒற்றர். அன்று மதரஸாவில் நாம் யார்? பிள்ளையின் தடுமாற்றத்தைத் தீர்க்கவா அவன் முகத்தை நோக்கினோம்? நம் கண்டிப்புக்குச் சான்று தேடியன்றோ நோக்கினோம்!

அப்படத்தில் அந்த இளைஞனின் உள்ளத்தை ஐயுற்று அறிபவள் கண் பார்வையற்ற ஒரு பெண்மணி என்றார் மாணவர். கண்ணால் நோக்குவோர் அனைவரும் ஏமாற, காதால் அவன் காலடியைக் கேட்டவள் அறிந்தாள். பிள்ளைகள் ஓதுவதைக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது உறைத்தது. அன்று நாம் கேட்டிருந்தால், அக்குரலில் அச்சம் இருந்ததை அறிந்திருப்போம். பார்த்துக்கொண்டிருந்தபடியால் அறியவில்லை.

1960 ஏப்ரலில் படம் இலண்டனில் வெளியானபோது விமரிசகர்கள் வசைமாரி பொழிந்தனர். படம் விரைவிலேயே அரங்குகளினின்றும் எடுக்கப்பட்டது. பவல் பின்னர் ஆஸ்திரேலியா சென்று 1966லும் 1969லும் படங்கள் எடுத்தார். தாய்நாட்டில் இழந்த இடம் மீளவில்லை. 1979இல் மார்ட்டின் ஸ்கார்செசியின் ஆதரவோடு நியூயார்க் திரைப்பட விழாவில் அதே படம் திரையிடப்பட்டது. இகழ்ந்த உலகம் புகழத் தொடங்கிற்று. 1990இல் பவல் மறைந்தார். 1960இல் அப்படத்தைக் கடுமையாகக் கண்டித்தோருள் ஒருவரான டிலிஸ் பவல் அம்மையார், பெயர் ஒற்றுமையன்றி வேறு உறவில்லாதவர், 1994இல் தாம் எழுதியது தவறென்று எழுத்திலேயே மன்னிப்புக் கேட்டார். கேட்டது பெருந்தன்மை. ஆனால், கேட்கப்பட வேண்டியவர் மண்ணுக்குள் போய் நான்காண்டுகள் ஆகியிருந்தன.

மாணவர் விடைபெற்றுச் சென்றபின், அந்த நான்காண்டு என்னும் சொல் நம்மை விடவில்லை. மூன்றாம் நாள் மஃரிப் தொழுதுவிட்டு அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. அவன் உம்மா உள்ளிருந்து தேநீர் கொடுத்தனுப்பினார். நாம் அன்று செய்தது பிழை என்றும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவனிடம் சொன்னோம். அவன் நெடுநேரம் தலை குனிந்திருந்தான். பின்னர், "அது இன்னும் இருக்கிறதா, ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டான்.

இருந்தது. அவன் கண்முன் அதனை அழித்தோம். வாப்பாவிடம் உள்ளதை அழிக்கும்படி அன்றிரவே எழுதினோம். அவரும் அழித்துவிட்டதாகப் பதில் விடுத்தார். அதற்கிடையில் யார் யாரிடம் அது சென்றிருக்கும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

பெற்றோர்களே, நம் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒரு படப்பெட்டி இருக்கிறது. பிள்ளை அழும்போது அதனை எடுக்கக் கை நீளுமாயின், ஒரு கணம் நின்று கேளுங்கள்: இந்தக் கை மருத்துவனுடையதா, ஒற்றனுடையதா? விடை தெரியவில்லையெனில், கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.