சிவப்புத் துணி அட்டை

கொல்கத்தாவின் கரியாஹாட் நாற்சந்தியில் பங்குனிக் கடைசி வாரம் நடைபாதையில் நிற்க இடம் கிடைக்காது. வங்காளிகளுக்கு அது சைத்ர மாதம். வருஷம் முடிவதற்குள் சரக்கைத் தள்ளிவிட வேண்டும் என்று ‘சைத்ர சேல்’ போட்டுக் கூவிக்கொண்டிருப்பார்கள். அந்த இரைச்சலுக்குள் ஜேட்டுவின் புடவைக் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு மூலை மட்டும் ஓய்ந்திருக்கும். சிவப்புத் துணி அட்டை போட்டு, கயிறு சுற்றிய புதுப் பேரேடு அங்கே பூஜைக்குக் காத்திருக்கும். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி அவர்களுக்கும் வருஷப் பிறப்பு. அன்று பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் முன்னால் அதை வைத்து, முதல் பக்கத்தில் சிந்தூரத்தால் ஸ்வஸ்திகம் எழுதிக் கணக்கைத் தொடங்குவார்கள். ஹால்காத்தா என்று பெயர். பழைய பாக்கியைத் தீர்க்க வருகிறவர்களுக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பும் ஒரு வங்காள நாட்காட்டியும் உண்டு.

ஜேட்டு என்றால் பெரியப்பா. எனக்கு அவர் ரத்த உறவில்லை, அப்பாவின் சிநேகிதர். டல்ஹவுசிப் பக்கம் சுருக்கெழுத்து வேலைக்கு வந்த அப்பா, லேக் மார்க்கெட் அருகே குடித்தனம் வைத்தார். வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் அங்கேயே கிடைத்ததில் அம்மாவுக்கு ஊர் ஏக்கம் பாதி தீர்ந்தது. தீபாவளிப் புடவை மட்டும் ஜேட்டு கடையில்தான். “எனக்கு என்ன நிறம் பிடிக்கும்னு உங்கப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஜேட்டுவுக்குத் தெரியும்” என்பாள்.

2009-ல் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் ஒரு சின்ன அலுவலகத்தில் எஸ்இஓ வேலைக்குச் சேர்ந்தேன். தேடுபொறியின் முதல் பக்கத்துக்கு ஒரு தளத்தைக் கொண்டுவருவதுதான் வேலை என்று விளக்கினேன். “அப்படியானால் நம் கடையையும் கொண்டு வாயேன்” என்றார் ஜேட்டு.

முதலில் ஊர்ப் பெயரே சிக்கலாக இருந்தது. 2001 ஜனவரி 1 முதல் இது கொல்கத்தா. ஆனால் வெளிநாட்டிலிருந்து புடவை தேடி எங்களிடம் வந்தவர்களில் பலர் கல்கத்தா என்றே அடித்தார்கள். அம்மாவுக்கும் இன்றுவரை கல்கத்தாதான். அரசாணையில் ஒரே நாளில் மாறிய பெயர் விரல்களுக்குப் பழகப் பல வருஷம் ஆகிறது என்பதைக் கீவேர்டுப் பட்டியலில்தான் கண்டேன். இரண்டு பெயரையும் எல்லாப் பக்கத்திலும் தூவினேன்.

அடுத்து, புடவைக்கு ஒரு பக்கம். டாக்காய், தாந்த், பாலுச்சரி என்று முந்நூறு புடவை. ஒரே பத்தியை வைத்துக்கொண்டு நிறத்தையும் பெயரையும் மட்டும் மாற்றிப் பத்து நாளில் முடித்துவிட்டேன். தளம் ஏறியது. 2010 துர்கா பூஜைக்கு முன்னால் லண்டனிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் ஆர்டர் வந்தது. ஒவ்வொன்றையும் ஜேட்டு என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பேரேட்டில் ஏதோ எழுதிக்கொள்வார். என்ன எழுதுகிறார் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. என் கண் முழுக்கத் தள வருகையைக் காட்டும் டிராஃபிக் கோட்டின் மேலேயே இருந்தது.

2011 ஏப்ரல் 11, திங்கட்கிழமை. கூகுள் தன் ‘பாண்டா’ அப்டேட்டை உலகம் முழுவதும் ஆங்கிலத் தேடல்களுக்கு விரித்த நாள். அந்தப் பிப்ரவரியில் அமெரிக்காவில் அது இறங்கியபோதே நூற்றில் ஏறக்குறைய 12 தேடல்களின் வரிசை மாறிப்போயிருந்தது. கரடியை நினைத்து வைத்த பெயரில்லை அது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமான பொறியாளர் நவ்நீத் பாண்டாவின் பெயர். சொல்ல விஷயமில்லாத பக்கங்கள் ஒரு தளத்தில் மண்டியிருந்தால், அவற்றோடு சேர்ந்து நல்ல பக்கங்களும் கீழே இறங்கும் என்பது அதன் சாரம்.

ஹால்காத்தாவுக்கு நாலு நாள் இருந்தது. கோடு செங்குத்தாக விழுந்திருந்தது. “யாருக்கு என்ன கெடுதல் செய்தோம்?” என்று கேட்டார் ஜேட்டு. என் தவறை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நான் எழுதிய பத்தியை வங்காளியில் படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டார். எழுந்துபோய் ஒரு ஜம்தானிப் புடவையை எடுத்து வந்து மேஜையில் விரித்து, சட்டென்று மறுபுறம் திருப்பிப் போட்டார்.

“விரலால் தடவிப் பார்” என்றார். பூ இருந்த இடத்தில் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலவே இருந்தது. இன்னொன்றைத் திருப்பினார். அதில் ஒவ்வொரு பூவைச் சுற்றியும் வெட்டி விட்ட நூல் பிசிறு விரலில் குத்தியது. “இது விசைத்தறி. முதலாவதில் ஒவ்வொரு பூவுக்கும் தறியில் உட்கார்ந்து கையால் நூல் கோத்திருக்கிறார்கள். வாங்க வருகிறவளுக்கு இதைச் சொன்னாயா?”

சொல்லவில்லை. அன்று ராத்திரியே முந்நூறில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களை அழித்தேன். ஜம்தானியை மறுபுறம் திருப்பிப் பார்ப்பது எப்படி என்று ஒரே ஒரு பக்கம் எழுதினேன். அதற்குப் பிறகு எத்தனையோ அப்டேட் வந்தும் அந்தப் பக்கம் மட்டும் அசையவில்லை. 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் ‘அனுபவம்’ என்ற ஒரு அளவுகோலைச் சேர்த்ததைப் படித்தபோது, மேஜைமேல் திரும்பிக் கிடந்த அந்தப் புடவை ஞாபகம் வந்தது.

ஆனாலும் நான் உடனே திருந்தவில்லை. கூகுளின் அஸ்திவாரமே லிங்க்தான். ஒரு தளம் இன்னொன்றைச் சுட்டினால் அது ஒரு ஓட்டு என்று 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வகுத்த கணக்கு. ஓட்டை விலைக்கு வாங்கும் பழக்கம் நம் நாட்டுக்குப் புதிதா? நானும் வாங்கினேன். 2012 ஏப்ரல் 24, அட்சய திருதியை. சில கடைகளில் அன்றுதான் ஹால்காத்தா. அதே தேதியில் கூகுளின் ‘பெங்குவின்’ அப்டேட் வந்தது, வாங்கிய லிங்க்கெல்லாம் சுமையானது. அந்தக் காலத்தில் பெங்குவின் இடைவெளி விட்டு விட்டுத்தான் ஓடும். திருந்தினாலும் அடுத்த முறை அது வரும்வரை காத்திருக்க வேண்டும். 2016 செப்டம்பரில்தான் அது உடனுக்குடன் பார்ப்பதாக மாறியது.

2015 ஏப்ரல் 21, மறுபடியும் அட்சய திருதியை. கைபேசியில் சரியாகத் தெரியாத பக்கங்கள் கைபேசித் தேடலில் பின்னுக்குப் போகும் என்று இரண்டு மாதம் முன்பே அறிவித்துவிட்டுக் கூகுள் செய்த மாற்றம். அந்த முறை நாங்கள் தயாராக இருந்தோம்.

தேடல் வரிசை இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்த நாட்களில், ஒரு ஞாயிறு ஜேட்டுவோடு ஹூக்ளி மாவட்டத்தில் சப்தகிராமம் போயிருந்தேன். ஒரு காலத்தில் வங்காளத்தின் பெரிய துறைமுகம். சரஸ்வதி நதி தூர்ந்துபோக, 16-ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் விலகின. சேட், பசாக் குடும்பத்து நெசவு வணிகர்கள் ஆற்றோடு கீழே இறங்கி வந்து கோவிந்தபூரில் குடியேறினார்கள். பக்கத்தில் சுதானுட்டியில் நூல் சந்தை வளர்ந்தது. கொல்கத்தா பிறந்தது அப்படித்தான். நம் கொற்கையிலும் இதே கதை. முத்துக் குவித்த துறையை விட்டுக் கடல் பின்வாங்கியது, காயல் எழுந்தது. “நதி நகர்ந்ததும் கூடவே நகர்ந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்?” என்று கேட்டேன். “தறியையும் கணக்கேட்டையும்” என்றார் ஜேட்டு.

நதிக்கு உள்நோக்கம் கிடையாது. தேடல் வரிசையோ மனிதர் போடும் வரிசை. கேள்வி கேட்கலாம், கேட்டுமிருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம் நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகாரின்மேல், 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் தேடல் பாரபட்சத்துக்காகக் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில், எங்கள் தொழிலில் ஒரு கடைக்காரனின் பிழைப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது இன்னும் அழுத்தமாகப் புரிந்தது. 2024 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவுப் பதில்கள் இந்தியத் தேடலிலும் வந்தன. கேள்விக்குப் பதில் பக்கத்தின் மேலேயே இருந்தால் கடைவரை யார் வருவார்கள் என்று இளைய பையன்கள் என்னைக் கேட்கிறார்கள்.

போன வைசாகம் முதல் நாள், ஹால்காத்தா அன்று, நானும் அதே கேள்வியோடுதான் கரியாஹாட் போனேன். கல்லாவில் இப்போது ஜேட்டுவின் மகன். ஜேட்டு நாற்காலியில் உட்கார்ந்து சந்தேஷ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். “மேல் தட்டில் பதினாலு நூத்திப் பதினேழை எடு” என்றார். வங்காள ஆண்டு 1417, நமக்கு 2010-11. சிவப்பு வெளிறிய அட்டை. விரித்தேன்.

ஒரு பக்கம் முழுக்க ஓரத்தில் ‘கம்ப்யூட்டார்’ என்று வங்காளியில் குறித்திருந்தது. தளம் வழியாக வந்த ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரி. பெயர், ஊர், தொலைபேசி எண், பிடித்த நிறம், யார் கல்யாணத்துக்கு வாங்கினார்கள் என்பதுவரை. அதற்குப் பக்கத்தில் பேனா மாறி மாறி விழுந்த சின்னச் சின்ன டிக். வருஷத்துக்கு ஒன்று.

“இது என்ன ஜேட்டு?”

“நாட்காட்டி அனுப்பியதற்கு. போன் பண்ணி வருஷப் பிறப்பு வாழ்த்து சொன்னதற்கு.”

அந்தப் பங்குனியில் கோடு செங்குத்தாக விழுந்தபோது கடை ஏன் விழவில்லை என்று பதினாலு வருஷம் கழித்துத் தெரிந்தது. நான் வருகைகள் என்று எண்ணி மறந்தவர்களை அவர் பெயர் சொல்லி எழுதி வைத்திருந்தார். தேடுபொறி கொடுக்கும் முதல் இடம் இரவல். அது கையில் இருக்கும் நாட்களில் வந்தவர் பெயரை நம் ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷ வேலையில் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்.

புதுப் பேரேட்டின் கயிற்றை அவிழ்த்தார் ஜேட்டுவின் மகன். சிந்தூரம் இன்னும் காயவில்லை. “முதல் பெயர் யாருடையது?” என்று கேட்டார். லேக் மார்க்கெட்டிலிருந்து என்னோடு வந்திருந்த அம்மாவைப் பார்த்தார் ஜேட்டு.

“எழுது,” என்றார். “நிறம், மாம்பழ மஞ்சள்.”