நாலு மணி ரீடிங்

அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பல் போய்விட்டது. ஜார்ஜ்டவுனில் ஒரு பல் கிளினிக்கில் இம்ப்ளாண்டுக்கு எத்தனை ஆயிரம் வெள்ளி ஆகும் என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவர், காரில் ஏறியதுமே முடிவெடுத்துவிட்டார்.

"டிசம்பர்ல கல்யாணத்துக்கு ஊருக்குப் போறோம்ல? அங்கயே கட்டிக்கிறேன். இதுல பாதிகூட ஆவாது."

ஊர் என்றால் வேலூர்ப் பக்கம். பாட்டி பிறந்த இடம். எங்கள் குடும்பத்தில் இது புதுசில்லை. பெரியம்மாவின் கண்ணாடி, மாமாவின் பல்செட் எல்லாமே இந்தியப் பயணங்களில் வந்தவைதான். மேடானிலிருந்து இந்தோனேசியர்கள் வைத்தியத்துக்குப் பினாங்கு வருகிறார்கள். நாங்கள் சென்னைக்குப் பறக்கிறோம். நல்லதும் மலிவானதும் எங்கே கிடைக்கும் என்று உடம்பைத் தூக்கிக்கொண்டு அலைவது இந்த வட்டாரத்துப் பழக்கம்.

"நீதானே பேக்டரில கிருமி வேல பாக்கற. நீ சொல்லு, செய்யலாமா வேணாமா?"

நான் நிபோங் திபாலில் பொறியியல் படித்தவன். வேலை பாயான் லெப்பாஸில். உடம்புக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்களைச் செய்யும் ஒரு தொழிற்சாலை. கிருமி இல்லை என்பதற்கு எங்கள் துறையில் ஓர் எண் உண்டு: மில்லியனில் ஒன்று. அதாவது, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் வைத்து எடுத்த பிறகு, ஒரு குழாயில் உயிருள்ள ஒரு கிருமி மிஞ்சியிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. ஒரு குழாய் சுத்தமா என்று சோதிக்க வேண்டுமானால் உறையைக் கிழிக்க வேண்டும். கிழித்துவிட்டால் அதை யாருக்கும் போட முடியாது. ஆகவே வெளியே போகிற எந்தக் குழாயையும் யாரும் நேரடியாகச் சோதித்ததில்லை. வெப்பம், ஈரப்பதம், வாயுவின் அளவு, அறையின் காற்றழுத்தம் என்று வழிநெடுக எழுதிவைத்த பதிவுகளைத்தான் நம்புகிறோம். சுத்தம் என்பது கடைசியில் ஒரு காகிதம்.

அம்மாவுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன். பாட்டியின் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கதை கிடைத்தது.

2023இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். காய்ச்சல், தலைவலி, குழறும் பேச்சு என்று வந்த சிலரின் மூளையைத் தாக்கியிருந்தது மெலியோய்டோசிஸ். அவர்களில் பலர் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள். விசாரித்துக்கொண்டே போனதில் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக் வந்து நின்றது. 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வின்படி, மொத்தம் 21 நோயாளிகள். அவர்களில் 10 பேர் அந்தக் கிளினிக்கோடு தொடர்புடையவர்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள்.

காரணம் ஒரு சலைன் பாட்டில். ஈற்றை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவியாலேயே, சுத்திகரிக்காமல், பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். தளர்வாக மூடிவைத்து, மிச்சத்தை அடுத்த ஆளுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த பாட்டிலிலேயே கிருமி கிடைத்தது.

பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற அந்தக் கிருமி மண்ணிலும் சேற்றிலும் வாழ்வது. சாப்பிட ஒன்றுமே இல்லாத வெறும் காய்ச்சி வடித்த நீரில் அது 16 வருடம் உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பென்சிலின், ஜென்டாமைசின் இரண்டுக்கும் அசையாது. செஃப்டாசிடைம் மாதிரி மருந்தை வாரக்கணக்கில் நரம்பில் ஏற்றி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளை அது அதிகம் பிடிக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னதும் அம்மா, "பாத்தியா, இந்தியால அப்படித்தான்" என்றார். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அங்கே போகத் துடித்தவர்.

என்னால் தலையாட்ட முடியவில்லை.

முதலாவது, அந்தக் கிருமிக்கு நாடு கிடையாது. 1911இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளில் இந்த நோயை முதன்முதலாக அடையாளம் கண்டார்கள். இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்பதால் சந்தேகம் அன்றைக்கே ஊசியின் மேல் விழுந்தது. மெலியோய்டோசிஸ் என்ற பெயரை 1921இல் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இருந்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும். நம் நாட்டில் சூட்டிய பெயர். பாலத்தைத் தாண்டி அரை மணி நேரம் வடக்கே போனால் கெடாவின் வயல்கள். அந்தச் சேற்றிலும் அது இருக்கிறது. அமெரிக்காவும் விலக்கில்லை. 2011 கடைசியில் ரோசெஸ்டரில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் வேறொரு கிருமியின் தொற்று வந்தது. மையைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து தயாரித்திருந்தார்கள். காய்ச்சி வடித்ததெல்லாம் கிருமியற்றது என்று நினைத்துவிட்டார்கள்.

இரண்டாவது காரணத்தை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், இரவு ஷிப்ட். எங்கள் சுத்த அறையில் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறக்கும்போது தூசி உள்ளே வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து பாரத்தில் எழுத வேண்டும். அன்று ஒரு மெஷின் மக்கர் செய்ததில் நாலு மணி ரீடிங்கை எடுக்க மறந்துவிட்டேன். ஆறு மணிக்குத்தான் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தேன். இரண்டு மணிக்கு 16 பாஸ்கல் இருந்தது. நாலு மணிக் கட்டத்தில் 15 என்று எழுதினேன். அதே 16ஐப் போட்டால் செயற்கையாகத் தெரியும் என்று யோசித்துப் போட்ட 15. கையெழுத்தும் போட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. எப்படியும் வாயு எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் இன்னொரு கட்டம் காலியாக இருந்தபோது பேனா முதல் தடவை அளவுக்குத் தயங்கவில்லை. அப்போதுதான் பயந்துபோய் நிறுத்தினேன்.

வாணியம்பாடியிலும் அந்தக் கருவியால் முதல் பாட்டிலைத் திறந்த அன்று ஒன்றும் ஆகியிருக்காது. நோயாளி வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டிருப்பார். பத்தாவது பாட்டிலிலும் அப்படியே. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் 'இப்படிச் செய்யலாம்' என்று சொல்லிக்கொடுத்திருக்கும். அந்தக் கையை எனக்கு அடையாளம் தெரிகிறது. அதனால்தான் 'இந்தியால அப்படித்தான்' என்பதை விழுங்க முடியவில்லை.

அம்மாவிடம் கடைசியில் சொன்னது இவ்வளவுதான். இங்கே செய்தாலும் அங்கே செய்தாலும் கேளுங்கள்: கருவிப் பையை என் கண்ணெதிரே பிரிப்பீர்களா? அதில் சூட்டுக்கு நிறம் மாறும் கோடு மாறியிருக்கிறதா? சலைன் எனக்கென்று புதிதாகத் திறந்ததா? கேட்டால் சில டாக்டர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு நாலு மணி ரீடிங்கையும் சொன்னேன். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்குச் செஞ்ச குழாயெல்லாம் எங்கடா போச்சு?"

"தெரியலம்மா."

"யாருக்குப் போட்டாங்க?"

அதுவும் தெரியவில்லை.