மூச்சில் தொடங்கும் பயிற்சி

"தோட்டத்தில் உழைத்த உடம்புக்கு உடற்பயிற்சி எதற்கு?" கெடா மாநிலத் தமிழர் வீடுகளில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பீடோங், பாடாங் செராய், கூலிம், குரூண் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 பால்மரங்களைச் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். இரப்பர் போய்ச் செம்பனை வந்தபின், நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் தலைக்கு மேலே குலை அறுத்தவர்களும் உண்டு.

ஆயினும், அந்த உழைப்பு உடம்பின் எல்லாப் பகுதிகளுக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை. பால்மரத்தில் வெட்டு சாய்வாகச் செல்லும். உளி பிடித்த கை நாள்தோறும் ஒரே திசையில் இழுக்கும். வெட்டு ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்க, வெட்டுபவரும் மேன்மேலும் குனிய வேண்டியிருக்கும். காண்டாவும் பழகிய தோளிலேயே ஏறும். இதனால் சில தசைகள் இறுகிப் போகின்றன. சில தசைகள் வேலையின்றித் தளர்கின்றன. முதுமையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும் பாட்டிமார்கள் சோம்பியிருந்தவர்கள் அல்லர். பேரப்பிள்ளைகளின் கதை வேறு. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளில் சிலர் மணிக்கணக்காக நின்று வேலை செய்கின்றனர். சிலர் கணினியின் முன் அமர்ந்தே இருக்கின்றனர். காரணம் மாறினாலும் வலிக்கும் இடம் மாறவில்லை.

முதுகுவலிக்கு வழி தேடும் இவர்களின் காதில் அண்மைக் காலமாக விழுந்துவரும் சொல் 'பிலாட்டீஸ்'. அது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமா, எலும்பு வலுவின்மை முதலிய நோய்களால் நலிந்திருந்தார். நலிவை வெல்லவே உடற்பயிற்சியின் பக்கம் திரும்பினார். முதலாம் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மானியர் என்பதால் பிடித்துவைக்கப்பட்டு, மான் தீவிலிருந்த முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே எழ முடியாமல் கிடந்த நோயாளிகளின் கட்டில்களில் சுருள்கம்பிகளைப் பொருத்தி, படுத்தபடியே அவர்களின் கைகால்களுக்குப் பயிற்சி அளித்தார் என்று கூறப்படுகிறது. பின்னர் 1920-களில் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். காயம்பட்ட நடனக் கலைஞர்கள் பலர் அவரை நாடி வந்தனர். 1967-இல் அவர் மறைந்தார்.

தம் பயிற்சிமுறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. கட்டுப்பாட்டுக் கலை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் அறிய வேண்டியது இந்தப் பழைய பெயரைத்தான். சிலர் பாட்டும் தாளமுமாக நடக்கும் சூம்பா வகுப்புக்குப் போவதைப் போல இதற்கும் வருகின்றனர். அரை மணி நேரத்தில் வியர்க்கவில்லை, மூச்சு வாங்கவில்லை என்றால் ஏமாந்துவிட்டதாக எண்ணுகின்றனர். இங்கே எண்ணிக்கையைவிட இயக்கத்தின் தரமே பெரிது. காலை ஐம்பது முறை வீசி எறிவதைவிட, இடுப்பு அசையாமல் ஐந்து முறை மெதுவாக உயர்த்தி இறக்குவதே கடினம்.

தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. உளி பிடிக்கப் பழகும் ஒருவரை யாரும் முதல் நாளே வேகமாக வெட்டச் சொல்வதில்லை. பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆனால், உள்ளே இருக்கும் கட்டையைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் மரத்தில் காயம் விழும். பிறகு வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறுபடி வெட்டுவதற்கு உதவாமல் போய்விடும். வலிமை மிக்கவர் நல்ல வெட்டுக்காரர் அல்லர். கை எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்தவரே நல்ல வெட்டுக்காரர். பதறாத காரியம் சிதறாது என்பது அந்தத் தொழிலுக்குப் பொருந்துவதைப் போலவே பிலாட்டீஸ் பயிற்சிக்கும் பொருந்தும்.

அடுத்தது மூச்சு. பாரத்தைத் தூக்கும்போது மூச்சை அடக்கிப் பல்லைக் கடிப்பது பலரின் பழக்கம். பிலாட்டீஸில் அப்பழக்கத்தை விட்டாக வேண்டும். மூக்கின் வழியே மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிய வேண்டும். சிரமமான அசைவைச் செய்யும்போது மூச்சு வெளியே போக வேண்டும். அவ்வாறு விடும்போது அடிவயிறு மெல்ல உள்வாங்கும். வயிற்றின் ஆழத்தில் இடுப்புப் பட்டையைப் போல் சுற்றியுள்ள ஒரு தசை அப்போது வேலை செய்கிறது. முதுகுத்தண்டைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. முதல் இரண்டு மூன்று வகுப்புகள் இந்த மூச்சிலேயே கழிந்தால் பணம் வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. அவை வீணான வகுப்புகள் அல்ல.

சுங்கைப் பட்டாணியில் ஐம்பது வயதுத் தாய் ஒருவர் வகுப்பில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'நூறு' என்பது பிலாட்டீஸில் புகழ்பெற்ற பயிற்சி. மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும் வரை விட்டு, கைகளை நூறு முறை மேலும் கீழும் அசைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் இளம்பெண் அதனை முழுமையாகச் செய்கிறார். இவருக்கோ முப்பதிலேயே கழுத்து வலிக்கிறது. நிறுத்த வெட்கமாக இருக்கிறது. நல்ல பயிற்றுநர் அருகில் வந்து, "தலையைக் கீழே வைத்துவிடுங்கள், அம்மா. பாதங்களையும் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சு மட்டும் சரியாகப் போகட்டும்" என்பார். அது தோல்வியன்று, தொடக்க நிலையினருக்கு உரிய முறையே அதுதான். அவ்வாறு சொல்லாமல், எல்லாரையும் ஒரே வேகத்தில் விரட்டும் வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

தசை களைப்பதும் வலிப்பதும் ஒன்றல்ல. மறுநாள் வயிற்றிலும் தொடையிலும் லேசான நோவு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. முதுகிலிருந்து காலுக்கு மின்னலைப் போல் வலி இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, தலை சுற்றினாலோ பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும்.

சேர்வதற்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டியவர்களும் உளர். முதுகுத்தண்டு வட்டு விலகியவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள் ஆகியோர் அரசாங்க மருந்தகத்திலேயே இதனைக் கேட்டறியலாம். எலும்பின் அடர்த்தி குறைந்த முதியவர்களுக்கு, முதுகை முன்னோக்கிச் சுருட்டும் பயிற்சிகள் ஆகா. வலுவிழந்த எலும்பு முறிந்துவிடக்கூடும். இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் பட்டினியாகப் பயிற்சி செய்தால் இரத்தத்தில் சர்க்கரையின் அளவு இறங்கிவிடலாம். இவற்றைப் பயிற்றுநரிடம் மறைப்பவர்கள் பெரும்பாலும் கூச்சத்தால்தான் மறைக்கின்றனர். நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்கள் பிசியோதெரபி நிபுணரிடம் உடம்பைக் காட்டிவிட்டுத் தொடங்குவது இன்னும் சிறப்பு.

செலவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. சுருள்கம்பிகள் பொருத்திய கருவியில் செய்யும் வகுப்புகளுக்குக் கட்டணம் கூடுதல். தொடக்கத்தில் அவை கட்டாயமில்லை. முதுகெலும்பு உறுத்தாத அளவுக்குத் தடித்த பாய் ஒன்று போதும். ஜோசப் பிலாட்டீஸ் 1945-இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருப்பவை பாயில் செய்யும் 34 பயிற்சிகளே. அவற்றுள் நான்கைந்தை எளிதாக்கிச் செய்தாலே முதல் மாதத்திற்குத் தாராளம். பயிற்றுநர் எங்கே பயின்றார், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்பதில் தவறில்லை. திறன்பேசியில் காணொளி பார்த்துத் தனியாகப் பழகுவோரின் முதுகு வளைவதைத் திரை பார்த்துத் திருத்தாது.

பிலாட்டீஸைப் பற்றிய விளம்பரங்கள் சில மிகையானவை. உடல் எடையை விரைவாகக் குறைக்க இது ஏற்ற வழியன்று. முதுகுவலியைப் பொறுத்தவரை, 2015-இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு நிதானமாகவே பேசுகிறது. பயிற்சி ஏதும் செய்யாதிருப்பதைவிட பிலாட்டீஸ் செய்வது வலியைக் குறைக்கக்கூடும். ஆனால், மற்றப் பயிற்சிகளைவிட இது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே, யோகாசனத்தால் நலம் பெறுபவர் அதனை விட்டுவிட்டு இதற்கு ஓடி வரத் தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும், 150 நிமிடமாவது மிதமான உடல் இயக்கத்தையும் பரிந்துரைக்கிறது. பாயில் படுத்துச் செய்யும் பயிற்சி முதலாவதற்கு உதவும். இரண்டாவதற்கு, வெயில் ஏறுமுன் பள்ளித் திடலையோ குடியிருப்பையோ சுற்றி அரை மணி நேரம் வேகமாக நடக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும்.