முந்தானையில் முடிந்த பழம்

பாரிஸ்

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாங்கனித் திருவிழாப் படங்கள் நாற்பதையும் பார்த்தேன். பிச்சாண்டவர் வீதியுலா, மாடிகளிலிருந்து பறந்து வரும் பழங்கள், தூக்கிய கைகள். எல்லாம் அழகு. ஆனால் ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள், கவனித்தாயா? கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, பிடித்த பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறாள். காம்போரம் பழம் கன்றியிருக்கிறது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டிருக்கிறாள்.

மேலே நின்று இறைப்பவர்கள் வேண்டுதல் பலித்தவர்கள். கீழே நிற்பவர்களில் பலர் பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள். காரைக்கால் அம்மையாரின் மாங்கனி இன்றும் அந்த முந்தானை முடிச்சில்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பாதி முகத்தை நீ வெட்டிவிட்டாய். ஊர்வலத்தைவிட அவள்தான் படம்.

1937-இல் லண்டனில் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்குப் போன பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கர்த்தியே-பிரெஸ்ஸோன் அரசரைப் படமெடுக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த சனங்களைத்தான் எடுத்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரைக்காரர் எம். பழனிகுமார் மீன் விற்கும் தன் தாயையே படமாக்கினார். 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. கதை தேடி அவர் தன் வீட்டுக்குள்ளும் பார்த்தார்.

எனக்கு அது தோன்றவில்லை, தம்பி. லீவுக்கு வந்தபோதெல்லாம் கடற்கரையையும் அரசலாற்றையும் கோபுரத்தையுமே எடுத்துத் தள்ளினேன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா உடுப்பில் விறைப்பாக நிற்கும் ஸ்டூடியோ படம் இங்கே சுவரில் தொங்குகிறது. அம்மா மண்சட்டியைத் துணியால் பிடித்து இறக்குகிற படம் ஒன்று வேண்டுமென்று தேடினேன். கல்யாண வீட்டு வரிசைகளில் நிற்கிறாள், அவ்வளவுதான். அடுப்படியில் ஒன்றுகூட இல்லை. அவள் போய் ஆறு வருஷமாகிறது.

சித்தி இன்னும் அரிவாள்மனையில் உட்கார்ந்துதான் மீன் ஆய்கிறாள் என்றாய். நாளைக் காலையில் பக்கத்தில் போய் உட்கார். முதலில் கேட்டுக்கொள். “எதுக்குடா இதெல்லாம்?” என்பாள். பேசிக்கொண்டே இரு. போன் கையிலிருப்பதை அவள் மறந்த பிறகு எடு. தலையை வெட்டாமல் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்